பிரிண்டர் என் அறையை விட்டுப் போன பிறகு

அந்தக் கந்தோரில் என்னைத் தேடி ஆட்கள் வந்ததற்கு ஒரே காரணம், பிரிண்டர் என் மேசையில் இருந்ததுதான். இதை நான் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை எல்லாம் என் முகராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போர் முடிந்து, சனம் முகாம்களில் இருந்து தங்கள் தங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. மன்னார்த் தீவில் ஒரு பழைய கல்வீட்டை வாடகைக்கு எடுத்து, மீள்குடியேற்ற வேலை செய்யும் நிறுவனம் ஒன்று கந்தோர் நடத்தியது. கூரைத்தகடு, விதைநெல், வலை, தண்ணீர்ப் பம்பு என்று ஊர் ஊராகக் கொடுப்பார்கள். கொடுத்ததைப் பற்றி அறிக்கை எழுதுவார்கள். அறிக்கையை அச்சடிப்பார்கள். அங்கே நான் கணினிப் பொறுப்பாளன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தபோது, பக்கத்து ஊர்க் கணினி நிலையத்தில், என் மகள் வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் நெருங்கி இருந்து படித்ததுதான் என் முழுக் கல்வியும். நேர்முகத்தில், "நெட்வேர்க் தெரியுமோ?" என்று கேட்டார்கள். "ஓம்" என்றேன். பொய் இல்லை. அந்த நிலையத்தில் அது எந்தச் சுவர் வழியாக ஓடியது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இன்னும் அக்கரையில் இருந்தார்கள். மூத்தவளின் படிப்பு முடியட்டும், வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். நான் முன்னால் வந்து, அரிப்பு என்ற எங்கள் ஊரில் வீட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு. வந்து பார்த்தேன். பார்த்து முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை, சுவர் ஏதும் மறைக்கவில்லை. பிறகு கந்தோருக்கு நடக்கும் தூரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். நானே சமைப்பேன், நானே சாப்பிடுவேன், என் பகிடிக்கு நானே சிரிப்பேன். மூன்றிலும் கடைசிதான் கஷ்டம். முடிவு தெரிந்த பகிடிக்கு ஒரு மனிதன் எத்தனை தரம் சிரிப்பான்?

ஆனால் கந்தோரில் அப்படி இல்லை. காலையில் கதவு திறந்தால் போதும், பென்டிரைவோடு ஆட்கள் என் அறைக்குள் வரத் தொடங்கிவிடுவார்கள். முதலாவது ஆள் பேசாலைக்காரர். கள உத்தியோகத்தர், மோட்டார் சைக்கிளில் ஊரூராய்ப் போய்வருகிறவர், கரையூர்க் குரல். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவர் பேசுவது கேட்கும். தன் பென்டிரைவை, மாதா பதக்கம் தொங்கும் அதே கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். அதைச் செருகினால் ஒவ்வொரு நாளும் ஒரு புது வைரஸ் இறங்கும்.

"அண்ணை, இதில நோய் கிடக்கு" என்பேன்.

"என்ன கதை கதைக்கிறியள், எஞ்சினியர்? மாதாவோட உரசிக்கொண்டு கிடக்கிற சாமானில எப்பிடி நோய் வரும்? உங்கட பெட்டியில ஏதோ பாவம் கிடக்குது."

என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை எஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவார். நக்கல்தான், ஆனால் அதைத் திருத்தும் அவசரம் எனக்கு இருக்கவில்லை.

அடுத்தது களஞ்சியப் பொறுப்பில் இருந்த பெண். பெருநிலப் பக்கத்து வயல் ஊர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கதிரையைக் காட்டினாலும் இருக்கமாட்டாள். பிரிண்டருக்குப் பக்கத்தில் நின்று, கடதாசி வெளியே வந்ததும் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி, "சூடாக் கிடக்கு, அண்ணை" என்பாள். ஒவ்வொரு முறையும் அதையே சொல்வாள், முதல்முறை கண்டுபிடித்தவள் மாதிரி.

அந்தப் பிரிண்டர் ஒரு கிழட்டு மாடு. ஒரு பக்கத்தை அடிக்க முதல் ஒரு பெருமூச்சு விடும். பிறகு யோசிக்கும். பிறகு கடதாசியைப் பாதி இழுத்துவிட்டு மறுபடியும் யோசிக்கும். வந்தவர்கள் அவ்வளவு நேரமும் சும்மா நிற்க முடியாது, எதையாவது கதைத்தே ஆகவேண்டும். கொண்டச்சியில் யாருடைய கிணற்றில் நல்ல தண்ணீர் வந்தது, எந்தச் சங்கத்தில் யாருக்கும் யாருக்கும் கொளுவல், இந்த முறை மாரி பெய்யுமா, பெய்தால் அளவாகப் பெய்யுமா, எல்லாம் எனக்கு வந்துசேரும். நீளமான அறிக்கை என்றால் ஒரு கல்யாணப் பேச்சு தொடங்கி, குழம்பி, மறுபடி சரிவந்து முடியும். எனக்கும் அந்த அறைக்கும் அது போதுமாக இருந்தது.

ஒருநாள் இணைப்பாளர் என் அறை வாசலில் வந்து நின்றார். அவரை எல்லாரும் சேர் என்போம். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். கத்துகிறவர்களிடம் நான் ஒருபோதும் பயப்பட்டதில்லை. குரலை உயர்த்தாதவர்களைக் கண்டால்தான் பயம்.

"தம்பி, ஆக்கள் எல்லாம் உம்முடைய அறையிலேயே நிக்கினம்."

"ஓம் சேர்" என்றேன் பெருமையோடு.

"அதுதான் பிரச்சினை" என்றார். "கொழும்பில இருந்து பெரிய பிரிண்டர் வருது. அதை ஆக்கள் இருக்கிற ஹோலில வையும். எல்லாரும் தங்கட தங்கட கதிரையில இருந்துகொண்டே அடிக்கவேணும். நீர் நெட்வேர்க் தெரியுமெண்டு சொன்னனீர்தானே?"

என் பயத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வாய் உலரும். எனக்குக் கை துடைக்கத் தொடங்கும். பக்கத்தில் எது இருந்தாலும், சேட்டுப் பையில் இருக்கும் லேஞ்சித்துணியை எடுத்துத் துடைப்பேன். சேர் பேசி முடிப்பதற்குள் விசைப்பலகை, திரை, மேசை விளிம்பு எல்லாவற்றையும் துடைத்து முடித்து, கடைசியில் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தபடி நின்றேன். அவர் போனபிறகு திருக்கேதீச்சரத்தானையும் மடு மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். இரண்டு பக்கத்திலும் யாராவது ஒருவருக்காவது நெட்வேர்க் தெரிந்திருக்கலாம்.

பெரிய பிரிண்டர் வந்தது. இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். கம்பிச் சுருள் வந்தது, எல்லாக் கம்பியும் வந்து சேருகிற ஹப் என்ற சின்னப் பெட்டியும் வந்தது. பெட்டியின் முகத்தில் பச்சை விளக்குகள் வரிசையாகக் கண் சிமிட்டும். கம்பியை ஓடு தாங்கும் வளை வழியாக இழுத்துக் கட்டவேண்டும். நான் ஏணியில் ஏறி நடுங்குவதைப் பார்த்துவிட்டுப் பேசாலைக்காரர் சேட்டைக் கழற்றினார்.

"இறங்குங்கோ, எஞ்சினியர். வலை எண்டா எங்களிட்ட விடவேணும்."

வலை கட்டும் நைலோன் நூலால், வலை முடிச்சுப் போட்டு, வீடு முழுக்கக் கம்பியைக் கட்டி முடித்தார். இழுத்தால் வளை உடையும், முடிச்சு அவிழாது. பின்னாளில் ஒரு கம்பியை மாற்ற வேண்டி வந்தபோது கத்தியால்தான் வெட்ட வேண்டியிருந்தது.

கம்பி இழுத்தால் மட்டும் காணாது, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு இலக்கம் கொடுக்கவேண்டும். அதை முகவரி என்பார்கள். ஒரு முகவரியில் இரண்டு பேர் இருக்க முடியாது. நான் இரண்டு பேருக்கு ஒரே முகவரியைக் கொடுத்துவிட்டேன். ஒரு காலை முழுவதும், ஒருவர் கணினியைத் திறந்தால் மற்றவர் வெளியே விழுந்தார், மற்றவர் உள்ளே வந்தால் இவர் விழுந்தார். ஹோலில் நின்று ஒவ்வொரு கணினியாகத் துடைத்துக்கொண்டு போனேன்.

"பாத்தியளோ, முதல்ல துடைச்சுத் துப்புரவாக்கிறார். அனுபவம் உள்ள ஆள்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதைக் கேட்டு இன்னும் இரண்டு கணினியைத் துடைத்தேன்.

பெயரும் வைக்கவேண்டும். மீன் பெயர்களை வைத்தேன். சேருடையது சுறா. பேசாலைக்காரர் அறக்குளாவைக் கேட்டு வாங்கினார். அதற்குக் கீழே எதுவும் தன் தகுதிக்குப் பொருந்தாதாம். பெரிய பிரிண்டர் தட்டையாகப் பரந்து கிடந்ததால் திருக்கை. களஞ்சியப் பெண்ணுக்குச் சூடை என்று வைத்தேன். அவள் திரையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"நாங்கள் வயல்காரர், அண்ணை. எனக்கேன் கடல்மீன்?"

"சரி, குளத்து மீன்? விரால்?"

"மீனே வேண்டாம். மொட்டைக்கறுப்பன் எண்டு வையுங்கோ."

அது அவர்கள் பக்கத்து நெல். வைத்தேன். மீன்களுக்கு நடுவே ஒரு நெல்லு.

பிரிண்டரை எல்லாருக்கும் பகிர்ந்து விடுவதற்கு நல்ல வழிகள் பல உண்டு என்று இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் கணினியில் அதை நிறுத்தி, அங்கே இருந்து மற்றவர்களுக்கு விடுவது. ஆக, ஹோலில் இருக்கிற ஒருவர் பத்தடி தள்ளி நிற்கும் பிரிண்டரில் ஒரு பக்கம் அடிக்கவேண்டும் என்றால், அது முதலில் சுவரைக் கடந்து என் அறைக்கு வந்து, என் கணினியில் வரிசையில் நின்று, பிறகு மறுபடி சுவரைக் கடந்து ஹோலுக்குப் போகும். என் கணினி அணைந்தால் எல்லாரும் அணைந்தார்கள். இது கெட்டித்தனம் இல்லை என்று தெரியும். ஆனால் வேலை செய்தது.

முதல் பக்கத்தைச் சேர் தன் கதிரையில் இருந்தபடி அடித்தார். திருக்கை யோசிக்கவில்லை, பெருமூச்சு விடவில்லை. கடதாசி சர்ரென்று வந்து விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பேசாலைக்காரர் என் முதுகில் ஓங்கி அடித்தார்.

"கெட்டிக்காரன்! இனி ஒருத்தரும் உங்கட அறைக்கு வரத் தேவையில்லை!"

வாழ்த்தாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அந்த வசனம் எனக்கு விளங்கியது அடுத்த நாள்.

அடுத்த நாள் காலை என் அறைக்கு யாரும் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. மேசையில் பழைய பிரிண்டர் இருந்த இடத்தில் ஒரு சதுரம், அதைச் சுற்றித் தூசு. துடைக்கவில்லை. நான் பயந்துகொண்டிருக்கவில்லை, அதுதான் காரணம். சுவருக்கு அந்தப் பக்கம் பேசாலைக்காரர் ஏதோ சொல்ல எல்லாரும் சிரிப்பது கேட்டது. பகிடியின் வால் மட்டும் வந்து சேரும், தலை வராது. தலை இல்லாத பகிடியை வைத்துக்கொண்டு, தலை என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு பின்னேரம் முழுவதும் யோசித்தேன். நான் யோசித்தது நிச்சயம் அவருடையதைவிட நல்லது. சொல்ல ஆள் இல்லை.

திரையில் ஒரு சின்னச் சட்டத்துக்குள், யார் எதை அடிக்கிறார்கள் என்ற வரிசை தெரியும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பேன். அறக்குளா: பேசாலை வலை விநியோகம். சுறா: மாத அறிக்கை. மொட்டைக்கறுப்பன்: கூரைத்தகடு. ஒவ்வொருவராக வந்து, ஒரு கணம் நின்று, போய்விடுவார்கள். "வாங்கோ, இருங்கோ" என்று சொல்ல முடியாது. சில வேளைகளில் சோதனைப் பக்கம் ஒன்றை அடித்துவிட்டு, அதை எடுக்கிற சாட்டில் ஹோலுக்குப் போவேன். சோதனைப் பக்கத்தில் பிரிண்டர் நலமாக இருக்கிறது என்று எழுதியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். எல்லாரும் வேலையில் இருப்பார்கள். திரும்பி வருவேன்.

அப்படி இருக்கும்போதுதான் திருக்கை வருத்தம் வந்து படுத்தது.

ஒரு முற்பகல். வரிசையில் நின்ற பக்கங்கள் நகரவில்லை. பிரிண்டரைக் காணவில்லை என்றது என் கணினி. ஹோலில் ஒரு சலசலப்பு, பிறகு என் கதவு படாரென்று திறந்தது. மூன்று பேர்! மூன்று பேர் ஒன்றாக என் அறைக்குள்! உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகு, அவர்கள் கேட்பது தேத்தண்ணி அல்ல, திருத்தம் என்பது விளங்கியதும், லேஞ்சியைத் தேடினேன்.

கம்பியைக் கழற்றிப் பூட்டினேன். கணினியை நிறுத்திப் போட்டேன். முகவரிகளை மறுபடி பார்த்தேன். ஒன்றும் பிழை இல்லை. கடைசியில் ஹோலுக்கு ஓடிப்போய் திருக்கையின் முதுகைத் துடைத்தேன். துடைத்த கையோடு அது அடிக்கத் தொடங்கியது.

"கை பட்டாலே காணும்!" என்றார் பேசாலைக்காரர். "எஞ்சினியருக்குக் கைராசி. எங்கட வள்ளத்தையும் ஒருக்காத் துடைச்சு விடுங்கோ."

சில நாட்கள் கழித்து மறுபடி நின்றது. நான் போவதற்குள் மறுபடி தானாக வந்தது. பிறகு ஒரு கிழமை சுகமாக இருந்தது. பிறகு ஒரே நாளில் இரண்டு தரம் நின்றது. காரணம் தெரிந்த வருத்தத்துக்குப் பயப்படலாம். காரணம் தெரியாமல் வந்து, காரணம் தெரியாமல் போகிற வருத்தத்துக்கு எப்படிப் பயப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அதற்கான மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஹப்பில் கம்பிகள் செருகும் துளைகளை மாற்றிப் பார்த்தேன். வளையில் எலி இருக்கிறதா என்று ஏணியில் ஏறிப் பார்த்தேன். எலி இருந்தது. அது குற்றவாளி இல்லை, வலை முடிச்சை அதுவும் கடித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தது.

சேர் வாசலில் வந்து நின்றார். குரல் இன்னும் தாழ்ந்திருந்தது.

"தம்பி, அடுத்த மாதம் உதவி தாற ஆக்கள் பாக்க வருகினம். அவை நிக்கேக்க இது நிக்கக்கூடாது. உமக்குக் கஷ்டமெண்டால் சொல்லும், தலைமைக் கந்தோரில கேட்டு வேற ஒராளை எடுப்பம்."

வேறோர் ஆள் வந்தால் இந்த அறை அவருக்கு. எனக்கு என் வாடகை அறை மட்டும் இருக்கும். அங்கே வரிசைகூட இல்லை, பார்த்துக்கொண்டிருக்க.

அடுத்த நாள் என் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போனேன். திருக்கைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். எது நடந்தாலும் என் கண்முன்னால் நடக்கட்டும்.

"என்ன, பிரிண்டருக்குச் சென்ரியோ?" என்றார் களத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பேசாலைக்காரர். "அடையாள அட்டையும் கேப்பியளோ?"

"உங்களிட்டக் கட்டாயம் கேப்பன்."

"நான் அறக்குளா. எனக்கு அட்டை தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் தூரத்தில் ஒரு ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. அந்த நாட்களில் அது புதினம் இல்லை. எங்கோ வீடுகளைத் திறந்து வைக்க யாரோ பெரியவர்கள் போய்வருவார்கள். நான் கவனித்தது வேறு. ஹோலில் பேச்சு நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல்கள் அப்படியே விசைகளின் மேல் நின்றன. களஞ்சியப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். வலது கை பேனையை விடவில்லை. இடது கை மட்டும் தானாக எழும்பி, அவள் மேசைக்கு மேலே சுவரில் இருந்த சுவிட்ச் வரிசையை உள்ளங்கையால் ஒரே தடவலில் அணைத்தது. மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. அவள் முகத்தைக் கொஞ்சம் சரித்து, கூரையைப் பார்த்தபடி இருந்தாள். சத்தம் வந்தது, மேலே கடந்தது, போனது. இடது கை மறுபடி எழும்பி எல்லாவற்றையும் போட்டது. அவள் எழுதிக்கொண்டிருந்தாள். பேச்சு மறுபடி தொடங்கியது.

மின்விசிறியின் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவிட்சில்தான் நான் ஹப்பைப் பூட்டியிருந்தேன். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டிருந்தன. கரண்ட் வந்து போகிற ஊர், மின்விசிறி ஒரு நிமிடம் நின்றதை யார் கணக்கெடுப்பார்கள்?

நான் அவள் மேசைக்குப் போனேன்.

"தங்கச்சி, இப்ப என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்தனான்? இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறன்."

"ஃபானை நிப்பாட்டினீங்கள்."

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு தன் இடது கையை, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தாள்.

"சத்தம் கேட்டதெல்லே, அண்ணை. எங்கால வருதெண்டு கேக்கவேணும். ஃபான் சுத்தினாக் கேக்காது." பேனையை மூடிவிட்டு, "அங்க, சண்டைக்குள்ள எண்டால் ஜெனரேட்டர், தண்ணிப் பம்பு எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுத்தான் காது குடுப்பம்" என்றாள். பிறகுதான் என் கண் போன இடத்தைப் பார்த்தாள். ஹப்பைப் பார்த்தாள், திருக்கையைப் பார்த்தாள். "ஐயோ, இவ்வளவு நாளும் நானோ? சேருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அண்ணை."

"சேரும் அந்த நேரம் பேசாமல்தான் இருக்கிறார்" என்றேன். பகிடியாகத்தான் சொல்ல நினைத்தேன். சொன்னபிறகு பகிடியாக இல்லை.

அந்த ஹோலில் இருந்த எல்லாருடைய காதும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருந்தது. எனக்கு அந்தப் படிப்பு இல்லை. அவர்கள் படித்த வருடங்களில் நான் அக்கரையில், முகாம் வாசலில் அரிசிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அதனால்தான் எனக்கு அது தெரிந்தது. அவர்களுக்குத் தங்கள் மூச்சு மாதிரி, தெரியவில்லை.

அன்று பின்னேரமே ஹப்பைக் கழற்றி, என் அறைச் சுவரில் பூட்டினேன். வலை முடிச்சுகளை வெட்ட ஒரு மணித்தியாலம் போனது. சேர் என்ன பிழை என்று கேட்டார். "உப்புக்காத்து, சேர். பிளக்கில கறள் பிடிச்சுட்டுது" என்றேன். மன்னாரில் எதையும் உப்புக்காற்றின் மேல் போடலாம். அவர் தலையாட்டினார். களஞ்சியப் பெண் தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு திருக்கை ஒரு நாளும் நிற்கவில்லை. பார்க்க வந்தவர்கள் முன்னால் அறிக்கை அறிக்கையாகத் துப்பித் தள்ளியது. நான் என் அறையில் இருந்தபடி, வரிசை நகர்வதைப் பார்த்துக்கொண்டு, ஹப்பை ஒரு பக்கத்தால் துடைத்து முடித்து மறுபக்கத்தால் தொடங்கிக்கொண்டிருந்தேன். வந்தவர்களுக்கு எல்லாம் பிடித்துக்கொண்டது, ஹோலின் வெக்கையைத் தவிர. போய் ஒரு ஏசியை அனுப்பிவைத்தார்கள். ஏசி பூட்டினால் யன்னல்களைச் சாத்தவேண்டும். என் அறைப்பக்கக் கதவையும் சாத்தினார்கள். ரிமோட் சேரின் அலுமாரிக்குள் போனது.

எல்லாம் சரியாக வேலை செய்தது. எனக்கு வேலை நிலைத்தது. இப்போது பகிடியின் வால்கூட வருவதில்லை. பேசாலைக்காரர் காலையில் யன்னலால் கையைக் காட்டிவிட்டுப் போவார். வீட்டுக்குப் போன் எடுத்தால் மூத்தவளின் படிப்பில் இன்னொரு படிப்பு முளைத்திருக்கும். "என்னப்பா புதினம்?" என்று மனைவி கேட்பாள். "பிரிண்டர் நல்லா வேலை செய்யுது" என்பேன். "நல்லதுதானே" என்பாள். ஓம், நல்லதுதான்.

பிறகு ஒருநாள் முற்பகல், கதவு மெதுவாகத் திறந்தது. களஞ்சியப் பெண். கையில் பென்டிரைவ் இல்லை, கடதாசி இல்லை.

"அண்ணை, அங்க ஏசிச் சத்தத்தில எங்கால வருதெண்டு கேக்குதில்லை" என்றாள். "இஞ்ச கொஞ்சம் நிக்கட்டோ?"

எனக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் நேரே யன்னலுக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சரித்தாள். நான் மின்விசிறியை நிறுத்தினேன். அப்போதும் அவள் நெற்றி சுருங்கியிருந்தது. திரும்பி என் மேசையைப் பார்த்தாள். என் கணினியின் வயிற்றுக்குள் ஒரு சின்ன விசிறி உண்டு, அது நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். எனக்கு அது பழகிவிட்டது, இரைகிறது என்பதே மறந்துபோயிருந்தது.

வரிசையில் சுறாவின் நீளமான அறிக்கை ஒன்று பாதியில் போய்க்கொண்டிருந்தது. கணினியை அணைத்தேன்.

அறைக்குள் இவ்வளவு அமைதி இருந்தது எனக்கே தெரியாது. அப்போதுதான் எனக்கும் கேட்டது, எங்கோ அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி.

"எந்தப் பக்கம்?" என்று மெல்லக் கேட்டேன்.

"தள்ளாடி ஆமிக் காம்ப் பக்கத்தால வந்து, தெற்க போகுது. முசலிப் பக்கம். இஞ்ச வராது."

நானும் காது கொடுத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாப் பக்கத்தாலும் ஒரே சத்தமாகத்தான் வந்தது. அதைச் சொன்னேன்.

"உங்களுக்கு விளங்காதண்ணை. நீங்கள் இஞ்ச இருக்கேல்லையே" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. மழை நாளில் ஒருவர் நனையவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கதிரைகள் இழுபட்டன. என் கதவில் படபடவென்று தட்டினார் பேசாலைக்காரர். அன்று பார்த்து அவருக்குக் களம் இல்லை.

"எஞ்சினியர்! திருக்கை செத்துப்போச்சு! சேரின்ர அறிக்கை பாதியில தொங்குது! கெதியா வாங்கோ, துடையுங்கோ!"

லேஞ்சி சேட்டுப் பையில் இருந்தது. கை அதைத் தேடிப் போகவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ, அண்ணை. பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று கதவைப் பார்த்துச் சொன்னேன்.

யன்னலில் நின்றவள் அசையவில்லை. உறுமல் மெலிந்து மெலிந்து, கடைசியில் காற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. எனக்கு அது எப்போதோ போய்விட்டது. அவளுக்கு இன்னும் போகவில்லை. அவள் கேட்டு முடியும்வரை நானும் நின்றேன்.

"போயிட்டுது" என்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "பிறகும் வந்தால் வரட்டோ?" என்று கேட்டாள்.

"வாங்கோ" என்றேன்.

அவள் கதவைத் திறந்து, தட்டிக்கொண்டிருந்தவரைக் கடந்து, ஹோலுக்குப் போனாள். நான் கணினியைப் போட்டேன். அது எழும்ப நேரம் எடுக்கும். பேசாலைக்காரர் உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அதுக்குள்ள ஒரு கதை சொல்லுறன், கேளுங்கோ" என்றார்.